உம்மா கொண்டுவந்த கபன் துணி

ஆற்றங்கரையில் பழங்காலத்து ஊர் ஒன்று புதைந்து கிடக்கிறதென்று தொல்பொருள் ஆட்கள் வந்து கயிறு கட்டிக் குழி தோண்டினார்கள். எங்கள் வயலுக்கு அடுத்த மேட்டு நிலம் அது. நாங்கள் சில பெண்கள் ஓட்டுத்துண்டு கழுவும் வேலைக்குப் போனோம். உடைந்த சட்டிபானையைப் பழைய டூத்பிரஷால் நாள் முழுக்கத் தேய்க்க வேண்டும். வீட்டில் கழுவாமல் கிடந்த என் சட்டிகள் கேட்டால் சிரித்திருக்கும்.

அந்த வேலைக்குப் போக எனக்கு வேறு காரணம் இருந்தது. வாப்பா காணாமல் போனது அங்கேதான். கலவர காலத்தில் வேளாண்மைக் காவலுக்குச் சைக்கிளில் போனவர் திரும்பவில்லை. சைக்கிள் மட்டும் வயல் வரம்பில் கிடந்தது. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அன்றிலிருந்து, வாப்பா வந்தால் திறந்திருக்க வேண்டுமென்று, எங்கள் வாசல் படலைக்குக் கொளுக்கி போட்டதில்லை.

உம்மா இத்தா இருக்கவுமில்லை. கணவன் மௌத்தானால் மனைவி வெள்ளை உடுத்து, நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருக்க வேண்டும். பள்ளிவாசல் லெவ்வை வந்து சொன்னார். மாமாமார் சொல்லிச் சொல்லிக் களைத்தார்கள். உம்மாவிடம் ஒரே பதில்தான்.

"மையத்தக் காட்டுங்க. இரிக்கன்."

உடலைக் காட்ட ஒருவராலும் முடியவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் போய்விட்டது.

ஒருநாள் காலையில் குழிக்குள் எலும்புக்கூடு தெரிந்தது. தலை வடக்கே, வலப்பக்கம் சரித்து, முகம் மேற்கே. நாங்கள் மையத்தைக் கபுறுக் குழியில் வைப்பதும் அப்படித்தான், மக்கா இருக்கும் கிப்லாவைப் பார்த்து. தோண்டலுக்குப் பொறுப்பான பெண் அதிகாரி, நாங்கள் மடம் என்று கூப்பிடுகிறவ, அங்கேதான் நின்றா, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை. ஓட்டுத்துண்டைப் போட்டுவிட்டு போனை எடுத்தேன்.

"உம்மா, வாப்பாவ ஆரோ அடக்கித்தான் இரிக்காங்க. கிப்லாவுக்குத் திருப்பி வெச்சிரிக்காங்க."

உம்மா போனை வைத்துவிட்டா.

அரை மணித்தியாலத்தில் ஓட்டோவில் வந்து இறங்கினா, நெஞ்சோடு ஒரு பையை அணைத்துக்கொண்டு. அதற்குள் மண்ணை இன்னும் கொஞ்சம் நீக்கியிருந்தார்கள். தலைமாட்டில் சின்னச் சட்டி ஒன்று, மணிக்கட்டில் சங்கு வளையல்.

மடம் மெதுவாகச் சொன்னா: "இது பொம்பிளை, அம்மா. ஆயிரம் வருசத்துக்கும் மேல இருக்கும்."

உம்மா குழியோரம் குந்தி வெகுநேரம் பார்த்தா. "இவவுக்கும் ஆரோ இரிந்திரிக்காங்க மகள்," என்றா. "வளையலக் கூடக் கழட்டல்ல."

எனக்கு வெட்கத்தில் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பையை வாங்கிப் பார்த்தேன். சாச்சி ஹஜ்ஜுக்குப் போனபோது ஸம்ஸம் தண்ணீரில் நனைத்துக் கொண்டுவந்த கபன் துணி, மையத்தைச் சுற்றி அடக்குவது. தனக்கென்றுதான் உம்மா இத்தனை காலமும் அதை அலுமாரியில் வைத்திருந்தா. பெண்ணுக்கு ஐந்து துண்டு வேண்டும். பைக்குள் வெட்டி மடித்து வைத்திருந்தது மூன்று. அது ஆண்களுக்குரிய கணக்கு. என்றைக்கு வெட்டினா என்று நான் கேட்கவில்லை.

உம்மா பையைத் திரும்ப வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினா.

மறுநாள் விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வந்தவவைப் பார்த்துத் திகைத்துப்போனேன். வெள்ளைச் சீலை.

"மகள், படலையச் சாத்திட்டு வேலைக்குப் போ. ஆம்புளையள் வந்தா, உம்மா இத்தால இரிக்கா எண்டு சொல்லு."

"அது வாப்பா இல்லயே உம்மா."

"ஓம், இல்லதான். ஆனா அவருக்கெண்டு கபன எடுத்துக்கிட்டு வாசலத் தாண்டிட்டனே. இனி எந்த வாயால உயிரோட இரிக்காரெண்டு சொல்லுற?"

லெவ்வையாலும் மாமாமாராலும் ஆகாத காரியத்தை என் ஒரு போன் செய்து முடித்துவிட்டது. நான் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. படலையடிக்குப் போனேன். கொளுக்கி துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. அழுது அழுது, கல்லால் தட்டித்தான் அதைப் போட்டேன்.