ஜீப்புக்கு ரோட்டு டயர்

காரைக்காலில் சேறு தேடிப் போய் வண்டி ஓட்ட இடம் கிடையாது. தார் ரோட்டை விட்டு இறங்கினால் ஒன்று யாரோ ஒருவருடைய நடவு வயல், இல்லாவிட்டால் காரைக்கால்மேட்டில் வலை காயப்போட்ட மணல். இரண்டில் எதில் ஜீப்பை இறக்கினாலும் அடிக்க வருவார்கள். அடிக்கவும் வேண்டும். இதெல்லாம் தெரிந்துதான் என் வீட்டுக்காரர் நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப் ஒன்றை வாங்கினார். அவருக்கு வளைகுடாவில் வேலை. வெள்ளிக்கிழமையானால் கூட்டாளிகளோடு பாலைவனத்தில் வண்டி ஓட்டப் போவார். அந்த மோகத்தில் ஒரு லீவில் வந்தபோது இங்கேயும் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தினார். லீவு முடிந்ததும் விமானம் ஏறிவிட்டார். ஜீப்பை ஓட்டுவது என் வேலையாகிவிட்டது.

நான் வரிச்சிக்குடி தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காலையில் மகளை அவள் பள்ளியில் இறக்கிவிட்டு என் பள்ளிக்குப் போவேன். மாமியை, அதாவது வீட்டுக்காரரின் அம்மாவை, முதுகுவலி டாக்டரிடம் காட்ட நாகப்பட்டினம். அரிசி, சிலிண்டர், கல்யாண வீடு, சாவு விழுந்த மய்யித்து வீடு எல்லாவற்றுக்கும் அந்த ஜீப், எல்லாவற்றுக்கும் நான். அத்தனையும் தார் ரோடு.

போன அடைமழையில் ஒருநாள் காலை, வரிச்சிக்குடி நிறுத்தத்தில் எனக்கு முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை; வழுக்கிக்கொண்டே போனது. பஸ்ஸில் மோதாமல் இடதுபக்கம் ஒடித்தேன். அங்கே ஓரமாக மொபெட்டில் புல்லுக்கட்டு ஏற்றிக்கொண்டு போன ஒருவரின் பின்சக்கரத்தில் ஜீப்பின் மூக்கு இடித்து, அவர் கட்டோடு கீழே விழுந்தார்.

இறங்கி ஓடினேன். அவரே எழுந்து உட்கார்ந்துவிட்டார். முட்டியில் ரத்தம்.

"இவ்ளோ பெரிய வண்டிய வச்சிக்கிட்டு நிறுத்தத் தெரியலன்னா எதுக்கும்மா ரோட்டுக்கு வர்றீங்க?" என்று கத்தினார். அவர் கேட்டது நியாயம். அவரை ஜீப்பில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கட்டுப்போட வைத்து, அவர் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, அந்த வாசலிலேயே நின்று வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் கேட்ட கேள்வி இதுதான்:

"வண்டிக்கு ஒண்ணும் ஆவலையே?"

போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் டயர் கடையில் காட்டினேன். டயரின் மேல் கட்டம் கட்டமாக இருக்கிற ரப்பரைப் பட்டன் என்பார்கள். "பட்டன் சுத்தமாத் தேஞ்சிடுச்சுங்க, மொட்டையா இருக்கு. நாலையும் மாத்தியாவணும்" என்றார் கடைக்காரர். அடுத்த மூச்சில், "சார் எப்ப வர்றாங்க?" என்றார். எதிரே நான் நிற்கிறேன்.

அன்று சாயங்காலம் உட்கார்ந்து படித்தேன். பெரிய பெரிய பட்டனும் அகலமான இடைவெளியும் இருக்கிற மட் டயர் சேற்றைக் கடித்து ஏறுவதற்காகச் செய்தது. தாரில் அதன் ரப்பர் குறைவாகத்தான் படும். ஈரத்தில் பிடிமானம் குறைவு, நிற்கத் தூரம் கூடும், சத்தம் போடும், சீக்கிரம் தேயும். ரோட்டு டயரில் ரப்பர் நெருக்கமாக இருக்கும், தண்ணீரை வெளியே தள்ள நெடுக வாய்க்கால் மாதிரிப் பள்ளம் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு ரகமும் உண்டு. பாதி நாள் மண்ணிலும் பாதி நாள் தாரிலும் ஓட்டுகிறவர்களுக்கு அது. என் கணக்கு சுலபமானது. நான் மண்ணில் ஓட்டுவதே இல்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஜீப்புக்குக் கார் டயர் மாதிரிப் போட்டா பாக்க எப்படி இருக்கும்?" என்று சிரித்தார். பிறகு, "சரி சரி, நான் பாத்துக்குறேன்" என்றார். நான் அதை நம்பினேன்.

அடுத்த வாரம் எனக்குப் பள்ளியில் தேர்வு வேலை. பக்கத்து டீச்சரோடு ஸ்கூட்டரில் போயிருந்தேன். திரும்பி வந்தால் வாசலில் ஜீப் நாலு விரல் உயர்ந்து நிற்கிறது. நாலு சக்கரத்திலும் கை அகலப் பட்டன் வைத்த மட் டயர். பக்கத்தில் என் கொழுந்தன் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தான்.

"மச்சி, காக்கா சர்ப்ரைஸா மாத்தச் சொன்னாரு. எப்படி இருக்கு?" என்றான். எங்கள் வீடுகளில் அண்ணன் காக்கா, அண்ணன் மனைவி மச்சி.

"ஓட்டுறது யாரு?" என்றேன்.

"நீங்கதான்."

"அப்ப என்னை ஏன் கேக்கல?"

அவன் மாமியைப் பார்த்தான். மாமி, "எம் மவன் பாத்துத்தான் வாங்கியிருப்பான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஒரு வாரம் அந்த டயரில் ஓட்டினேன். ரைஸ் மில்லுக்குள் உட்கார்ந்திருப்பது மாதிரி இரைச்சல். மகள் பின்னாலிருந்து பேசினால் கேட்காது. முழுசாக ஒடித்துத் திருப்பினால் டயர் உள்பக்கம் உரசியது, வண்டிக்குச் சொன்ன அளவைவிட அகலமானதை வாங்கி மாட்டியிருந்தார்கள். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துத் தோள் வலித்தது. நாகப்பட்டினம் போய் வந்த அன்று மாமி இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். ஆனாலும் மகனைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை; "ரோடு சரியில்ல" என்றார். ரோட்டைத் திட்ட அவருக்கு மனசு வந்தது.

அதற்கடுத்த மழையில் ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தது. மெதுவாகத்தான் போனேன். அப்படியும் வண்டி இழுத்துக்கொண்டு போய், அதை இடிக்க ஒரு சாண் இருக்கும்போதுதான் நின்றது. ஆடு ஓடிவிட்டது. நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சத்தமாக அழுதேன். பயத்தில் இல்லை. ஆத்திரத்தில். அழகு பார்க்கிறவர் ஒரு கடல் தாண்டி இருக்கிறார். ஒருவர் மேல் ஏற்றிவிட்டு வந்தால் ஊருக்கு முன்னால் நிற்கப்போவது நான்.

நேராக டயர் கடைக்கு விட்டேன். கடைக்காரர் புது டயரைப் பார்த்துவிட்டு, "சாரோட தம்பி வந்து மாத்திட்டுப் போனாங்களே, என்னாச்சுங்க?" என்றார்.

"கழட்டுங்க. ரோட்டு டயர் போடுங்க."

"சார்கிட்ட ஒரு வார்த்தை..."

"வண்டி ஓட்டுறது நான். சம்பளம் என்னோடது. எந்தச் சாரைக் கேக்கணும்?"

அவர் கொஞ்சம் யோசித்து, அந்த நடு ரகத்தைக் காட்டினார். "இதப் போட்டுக்கிட்டீங்கன்னா பாக்கவும் நல்லா இருக்கும், ரோட்டுலயும் ஓடும். சாரும் சந்தோஷப்படுவாங்க."

"டயர் யாரையும் சந்தோஷப்படுத்த வேணாங்க. மழையில நின்னா போதும்."

ரோட்டு டயர் வந்தது. அளவைக் கதவோரம் ஒட்டியிருக்கிற தாளோடு ஒப்பிட்டேன். பக்கவாட்டில் தயாரித்த வாரமும் வருஷமும் எண்ணாகப் பொறித்திருக்கும். பார்த்தால், இரண்டு டயர் பல வருஷமாகக் கடையில் கிடந்த சரக்கு. "இது பழசு. வேற எடுங்க" என்றேன். அவர் முகம் மாறியது. உள்ளே போய் வேறு இரண்டைக் கொண்டுவந்தார். மட் டயர் நாலையும் வீட்டு மாடியில் ஏற்றிப் போட்டேன்.

கொழுந்தன் போட்டோ எடுத்து அனுப்பியிருக்க வேண்டும். வீட்டுக்காரர் சில நாள் என்னோடு பேசவில்லை. மகளிடம் மட்டும் பேசினார். நானும் கூப்பிடவில்லை. இரைச்சல் இல்லாத வண்டியில் மகளோடு பேசிக்கொண்டே பள்ளிக்குப் போய் வந்தேன். மாமி நாகப்பட்டினம் போய் வந்து இடுப்பைப் பிடிக்காமல் இறங்கினார். அதைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை.

இந்த வருஷம் லீவில் வந்தார். என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சக்கரத்தைப் பார்த்தார். "என் வண்டி" என்று ஆரம்பித்தார். "ஆமா, உங்க வண்டிதான். அப்ப நீங்களே ஓட்டுங்க" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டு நான் பஸ்ஸில் பள்ளிக்குப் போனேன். லீவு முழுக்கப் பஸ்தான். மகளை விடுவதும் மாமியை டாக்டரிடம் கூட்டிப்போவதும் அவர் பாடு. மழையும் வந்தது. டயரை மாற்றும் பேச்சே எழவில்லை.

கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் கூட்டாளிகள் வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் அடுப்படியில் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் குரல் ஜன்னல் வழியாகக் கேட்டது.

"நம்ம ஊரு ரோட்டுக்கும் மழைக்கும் மட் டயர்லாம் சரிப்படாதுப்பா. நான்தான் ரோட்டு டயரே போடுன்னு சொல்லிட்டேன். ஓட்டுறது பொம்பள பாரு."

அந்த ஒரு வருஷத்தில் வந்த கோபம் அத்தனையும் இப்போது வந்த கோபத்துக்கு முன்னால் ஒன்றுமில்லை என்று தெரிந்தது. முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு தட்டோடு வாசலுக்குப் போனேன்.

"இல்லைங்க. இவங்க வாங்கினது நாலும் மாடியில கிடக்கு. வேணும்னா போய்ப் பாருங்க" என்று சொல்லிவிட்டு ஒவ்வொருவருக்கும் டீ கொடுத்தேன்.

ஒருத்தர் நிஜமாகவே எழுந்து மாடிக்குப் போனார். மற்றவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார், ஏதோ வேடிக்கை நடந்தது மாதிரி. நான் சிரிக்கவில்லை. அவர் டம்ளரை மட்டும் அவர் கையில் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டு உள்ளே வந்தேன்.