மூன்று மூன்றாகக் குறைக்கும் கணக்கு

மாமா ஓட்டல் சப்ளையர். எந்த மேசைக்கு என்ன என்று எழுதியே வைக்க மாட்டார். வாய்க்குள் முணுமுணுத்தபடி சமையலறை வரை கொண்டுபோவார். பாதி வழியில் நான் மறித்து, "மாமா, மணி என்ன?" என்பேன். பதில் சொல்லி முடிப்பதற்குள் ஆர்டர் ஆவியாகிவிடும். கரண்டியோடு துரத்துவார்.

பிறகு மாமா மூளைக்காய்ச்சலில் விழுந்து பிழைத்தார். ஞாபகத்தில் பழசெல்லாம் பத்திரம், புதுசு எதுவும் ஒட்டவில்லை. அதன்பிறகுதான் அத்தை மாரடைப்பில் போனாள். நாங்கள் அவரை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். காலையில் அத்தை எங்கே என்று கேட்பார். அப்பா சொல்வார். இடிந்துபோய் அழுவார். மாலையில் மறுபடி கேட்பார், மறுபடி புதிதாக அழுவார். செத்தது அப்பாவின் தங்கை. அப்பா மொட்டைமாடிக்கு ஓடிவிடுவார்.

ஆஸ்பத்திரியில் உளவியல் படித்த அம்மா ஒருவர் மாமாவுக்கு மூன்று எழுத்து சொல்லி, ஒரு எண்ணிலிருந்து மூன்று மூன்றாகக் குறைக்கச் சொன்னார். நடுவில் நிறுத்தி எழுத்தைக் கேட்டார். மாமா விழித்தார். எனக்குச் சிரிப்பு. அந்தம்மா என்னையும் உட்கார வைத்தார். நானும் விழித்தேன்.

"வாய்க்குள்ள சொல்லிட்டே இருந்தா நிக்கும் தம்பி. அதைத் தடுக்கத்தான் இந்தக் கணக்கு. தடுத்துட்டா இருபது செகண்டுக்குள்ள பெரும்பாலும் யாருக்கும் போயிடும். நமக்கு முக்கியமானது உள்ள போய்ப் பதிஞ்சுடும். இவருக்கு அந்தக் கதவு மூடிக்கிச்சு."

நான் சம்பளமில்லாமல் செய்ததை இந்தம்மா படித்துவிட்டுச் செய்கிறார்!

அன்றிலிருந்து மாமா அத்தையைக் கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைக்கச் சொல்வேன். எனக்கே கணக்கா என்று முறைத்துவிட்டு ஆரம்பிப்பார். எழுபதுக்குள் கேள்வி கரைந்துவிடும். வீட்டில் பாராட்டு வாங்கிய என் ஒரே குறும்பு அதுதான்.

போன ஞாயிறு நான் வெளியே போயிருந்த நேரத்தில் கேட்டுவிட்டார். அப்பா சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். நான் வந்தபோது மாமா கட்டில் விளிம்பில் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். உதடு மட்டும் அசைந்தது, ஆர்டர் சுமப்பதுபோல. காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"அவ செத்துட்டா. கேக்கக்கூடாது. மச்சான் அழுவாரு. அவ செத்துட்டா. கேக்கக்கூடாது..."

கணக்கை எடுக்க எனக்கு வாய் வரவில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். மின்விசிறி கிரீச்சிட்டது, அதையும் அணைத்தேன். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றேன்.

தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. மாமா ஜன்னல் பக்கம் பார்த்தார். உதடு நின்றது. திரும்பியபோது முகம் கழுவிவிட்டதுபோல் இருந்தது.

"டேய், எப்ப வந்த? அத்தை எங்கடா?"

"நூறுலேர்ந்து ஆரம்பிங்க மாமா."

"எனக்கே கணக்கா?" என்றார். "தொண்ணூத்தேழு..."