நின்றே வந்துபோன மச்சானுக்கு ஒரு கேரியர்

ஊரில் அவரைக் கெட்டிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். புத்திசாலி என்ற பொருளில் யாரும் அப்படிக் கூப்பிடவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அவர் எதைச் செய்தாலும் அது கெட்டியாக இருக்கும், அவ்வளவுதான். துணி காயப்போட ஒரு ஸ்டாண்டு கேட்டால், நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய ஒன்றைச் செய்து நிறுத்துவார். மருந்துக்கடைக்காரருக்கு அவர் செய்து கொடுத்த நாய்க்கூண்டைப் பார்த்துவிட்டு, "புலி எப்போ வருது?" என்று தெருவே கேட்டது. சொந்த உபயோகத்துக்கு ஓர் இரும்புக் கட்டிலை அறைக்குள்ளேயே வைத்து ஒட்டினார். வீடு மாறும்போதுதான் அது வாசல் வழியே வராது என்று தெரிந்தது. கழற்றலாம் என்றால் பேருக்கு ஒரு திருகாணி கிடையாது. அந்த வீட்டுச் சொந்தக்காரர் இன்றைக்கும் 'கட்டிலோடு வாடகைக்கு' என்றுதான் பலகை மாட்டுகிறார்.

இத்தனை கெட்டிக்கும் காரணம் ஒரு நாற்காலி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் செய்த நாற்காலி ஒன்று உடைந்தது. உடைந்தபோது அதில் உட்கார்ந்திருந்தவர் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன்.

மச்சான் கொஞ்சம் பெரிய உடம்புக்காரர். கொஞ்சம் என்பது மரியாதைக்காக. குடும்பமே கூடியிருந்த ஒரு மத்தியான விருந்தில் அந்தப் புது நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். அடுத்த நிமிஷம் நாலு காலும் நாலு திசைக்குப் போயின; மச்சான் தட்டோடு தரைக்குப் போனார். எல்லோரும் சிரித்தார்கள். கெட்டிக்காரர் சிரிக்கவில்லை, அதைவிட மோசமான காரியத்தைச் செய்தார். "நாற்காலியில கொறை இல்ல. கனம் தாங்கல" என்றார்.

மச்சான் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். "இனிமே இந்த மனுஷன் எடத்துல நான் உக்கார மாட்டேன்" என்றார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். வராமலே இருந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. தங்கை மேல் உயிர் என்பதால் மாதம் தவறாமல் வருவார், வந்து நிற்பார். நின்றபடியே சாப்பிடுவார், நின்றபடியே ஊர்க்கதை பேசுவார், மூன்று மணி நேரம் நின்றுவிட்டுக் கிளம்பிப் போவார். பெரியவர் நிற்கும்போது மற்றவர்கள் உட்கார முடியுமா? எல்லோரும் நிற்பார்கள். மச்சான் வருகிறார் என்று தெரிந்தால் கெட்டிக்காரருக்கு முதல் நாளே கால் வலி வந்துவிடும். நேரடிப் பேச்சும் கிடையாது. கெட்டிக்காரர் பக்கத்திலேயே நிற்கும்போது, "தங்கச்சி, மழை வரும் போல இருக்கு, உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு" என்பார்.

அன்றோடு அந்த வீட்டில் 'கனம்' என்ற சொல்லும் ஒழிந்தது. கேஸ் சிலிண்டரை நகர்த்த முடியாமல் மூச்சு வாங்கும்போதுகூட மனைவி, "இது கொஞ்சம் வர மாட்டேங்குது" என்றுதான் சொல்வாள்.

இப்படி இருக்கையில் மச்சானுக்கு வேலை மாற்றல் வந்தது. ஒன்பது மணி நேரப் பயணத்தில் உள்ள ஊர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்ப வேண்டும். அவருடைய உயரமான பெரிய காரின் கூரை மேல் சாமான் ஏற்ற ஒரு கேரியர் தேவைப்பட்டது. கடைக் கேரியர் எதிலும் அவருடைய இரும்பு அலமாரி கொள்ளவில்லை. "வேற பட்டறைக்குப் போனீங்கன்னா என் மூஞ்சியில முழிக்காதீங்க" என்று தங்கை சொல்லிவிட்டாள். ஆகவே வியாழக்கிழமை காலை மச்சான் காரைத் தெருவரை கொண்டுவந்து, பட்டறைக்குள் தங்கையை விடச் சொன்னார். இறங்கி நின்றார்.

"தங்கச்சி, சொல்லிடு. வழியில ஒரு ஆட்டம் ஆடக்கூடாது."

அவர் போனதும் மனைவி கணவனிடம் வந்தாள். "ஏங்க, அண்ணன் ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு தடவையாவது உக்காந்துட்டுப் போகணும். இப்படி நின்னுட்டே போயிட்டாருன்னா அப்புறம் ஆயுசுக்கும் அப்படியேதான்."

அவள் கண் கலங்கியிருந்தது. கெட்டிக்காரர் இரும்புக் குழாய்களைத் தேடிப் போனார். கேரியரைக் குறையில்லாமல் செய்து கொடுத்துவிட்டால் மச்சானின் மனம் இளகிவிடும் என்று நம்பினார். இரும்பை நம்பிய அளவுக்கு அவர் தன் வாயை நம்பியதில்லை. அந்த வாயின் லட்சணமும் அப்படி.

இரண்டு நாள் வேலை. சதுரக் குழாயில் சட்டம், சுற்றிலும் கம்பித் தடுப்பு, ஆறு கால்கள், காரின் கூரை ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும் கவ்விகள். பேட்டரி வயரைக் கழற்றி, கூரையில் ஈரச் சாக்கு விரித்து, பன்னிரண்டு நட்டுகளையும் முறுக்கினார். வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். 'ஒரு ஆட்டம் ஆடக்கூடாது' என்பது அவர் காதிலேயே நின்றதால், பன்னிரண்டு நட்டுகளையும் போல்ட்டோடு சேர்த்து ஒட்டியும் விட்டார். இனி யார் நினைத்தாலும் கழற்ற முடியாது. உயரத்தையும் யோசிக்காமல் இல்லை. காரும் கேரியரும் சேர்ந்து ஆறு அடி பதினோரு அங்குலம். பட்டறை வாசல் ஏழு அடி. ஷட்டரை மாட்டியவரே அவர்தான் என்னும்போது அதற்கு டேப் எதற்கு?

சனிக்கிழமை மத்தியானம் மச்சான் வந்து வாசலில் நின்றார். மனைவி காரைப் பின்பக்கமாக எடுத்தாள். பட்டறைச் சாமான்களை லோடு ஆட்டோவில் கொண்டுபோய் இறக்குபவள் அவள்தான்; அந்த வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்தவளும் அவள் ஒருத்திதான். 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டது. கேரியர் ஷட்டரில் முட்டிக்கொண்டு நின்றது.

எதிர்க்கடைத் தையல்காரர் கழுத்தில் தொங்கிய டேப்போடு ஓடிவந்து, கல்யாணக் கோட்டுக்கு அளவெடுப்பதுபோல வாசலை அளந்தார். "ஆறு அடி ஒம்போது அங்குலம்" என்றார்.

"ஏழு அடியாச்சே!"

"தரை போட்டீங்களே போன மாசம்" என்றாள் மனைவி.

பட்டறைத் தரை குண்டும் குழியுமாக இருக்கிறதென்று மூன்று அங்குலத்துக்குக் கான்கிரீட் போட்டிருந்தார். ஷட்டர் நின்ற இடத்தில்தான் நின்றது. தரை மேலே வந்துவிட்டது. கெட்டிக்காரர் தரையையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"தரைய ஒடச்சிடலாமா?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார்.

"நான் போட்ட தரை."

"ஷட்டரக் கழட்டினா?"

"நான் மாட்டின ஷட்டர்."

அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

நாலு டயரிலும் காற்றை இறக்கினார்கள். ஓர் அங்குலம் கிடைத்தது. இன்னும் ஓர் அங்குலம் வேண்டும், அதற்கு வண்டி தாழ வேண்டும், தாழ வேண்டுமென்றால் உள்ளே என்ன ஏற வேண்டும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. எல்லோருடைய பார்வையும் ஒரே நேரத்தில் மச்சான் பக்கம் திரும்பி, திருடன் மாதிரி வேறு பக்கம் போனது.

"மச்சான் வெளியில நின்னு வழி சொல்லட்டும்" என்றார் கெட்டிக்காரர் அவசரமாக. "மத்தவங்க ஏறுங்க."

மனைவி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியும் ஏறினார்கள். தையல்காரர் ஏறினார், அவர் ஏறியதில் வண்டி கொஞ்சம் மேலே எழும்பியதுபோல இருந்தது. பின்பக்கம் வெல்டிங் மெஷினை வைத்தார்கள், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸை வைத்தார்கள். முன் சீட்டில், இரும்பை வைத்து அடிக்கும் பட்டறைக்கல்லைத் தூக்கி வைத்து பெல்ட்டும் போட்டார்கள். நாய்க்கூண்டைக் கொண்டுவரலாம் என்று மருந்துக்கடைக்காரர் யோசனை சொன்னார். அதைத் தூக்கிவர ஆள் எங்கே? கெட்டிக்காரர் குனிந்து இடைவெளியைப் பார்த்தார். இன்னும் ஒரு விரற்கடை இடித்தது.

மனைவி கண்ணாடியை இறக்கினாள். "ஏங்க, அண்ணன் ஒருத்தர் ஏறினாப் போதும். கேளுங்க."

"கேக்க மாட்டேன்" என்றார். நேராக உள்ளே போய்க் கட்டிங் மெஷினை எடுத்து வந்தார். கேரியரின் கால்களில் சாக்பீஸால் கோடு போட்டார். தன் கையால் ஒட்டியதைத் தானே அறுப்பது அவர் வாழ்நாளில் இல்லாத காரியம். இந்தக் கேரியர் போனால் அலமாரி போகாது, மச்சானின் மனமும் இளகாது, மனைவிக்கு அண்ணன் உட்கார்வதைப் பார்க்கும் பாக்கியமும் கிடையாது. தெரிந்தும் சுவிட்சில் கை வைத்தார்.

"தங்கச்சி," என்றார் மச்சான் வெளியிலிருந்து, "உன் வீட்டுக்காரர் என்னை என்ன கேக்க மாட்டாராம்?"

கெட்டிக்காரர் மெஷினைக் கீழே வைத்தார்.

"மச்சான், நீங்க உள்ள ஏறி உக்காரணும். வண்டி தாழணும்." ஷட்டரைக் காட்டினார். "கனம் வேணும்."

மச்சானின் முகம் சிவந்தது.

"அன்னிக்கும் இதத்தானே சொன்னீங்க?" பதினோரு வருஷத்தில் அவர் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது.

"அன்னிக்குச் சொன்னது பொய் மச்சான்." என்றார் கெட்டிக்காரர். "அந்த நாற்காலிக்குக் காலுக்கு ஒரு பொட்டு வெல்டிங்தான் வச்சிருந்தேன். கரண்ட் போயிடுச்சு. வந்ததும் முழுசா ஒட்டணும்னு இருந்தேன், மறந்துபோய் மேல பெயிண்ட் அடிச்சிட்டேன். நீங்க விழுந்ததும் எனக்கு ஞாபகம் வந்துடுச்சு. அத்தன பேர் முன்னாடி ஒத்துக்க வெக்கமா இருந்துச்சு. உங்க மேல தப்பே இல்ல. அதுல ஒரு பூனை உக்காந்திருந்தாலும் உடைஞ்சிருக்கும்."

மச்சான் குனிந்து தன் முழங்காலைத் தட்டினார்.

"பதினோரு வருஷம்" என்றார். "மாசா மாசம் மூணு மணி நேரம். என் முழங்கால் ரெண்டையும் டாக்டர் படம் புடிச்சுப் பாத்துட்டு, நீங்க என்ன காவல்காரரான்னு கேட்டாரு, மாப்ளே!"

"நானும் கூடவேதானே நின்னேன் மச்சான்."

"நல்லா நில்லுங்க!"

சொல்லிவிட்டு முன் கதவைத் திறந்தார். பட்டறைக்கல்லை இறக்கச் சொன்னார். அது இருந்த இடத்தில், பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கார் ஒரு பெருமூச்சு விட்டுத் தாழ்ந்தது. கெட்டிக்காரரும் தெருவில் போன இருவரும் மெல்லத் தள்ள, கேரியர் ஷட்டரைத் தொடாமல் வெளியே வந்தது. மனைவி ஸ்டியரிங் மேல் தலையை வைத்து அழுதாள். அதில் ஹாரனும் சேர்ந்து அழுதது.

டயருக்குக் காற்று அடித்ததும் மற்றவர்கள் இறங்கினார்கள். மச்சான் இறங்கவில்லை. தண்ணீர் கேட்டு, உட்கார்ந்தபடியே குடித்தார். கெட்டிக்காரர் கேரியரைப் பிடித்து ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். கார்தான் ஆடியது. அப்போதுதான் அவருக்கு இன்னொரு சந்தேகம் வந்தது.

"புது வீட்ல வண்டி எங்க நிறுத்தப் போறீங்க மச்சான்?"

"அடித்தளத்துல. எல்லா வண்டியும் அங்கதான்."

"அங்க ஒசரம்?"

மச்சான் யோசித்தார். "ஆறு அடி எட்டு அங்குலத்துக்கு மேல வரக்கூடாதுன்னு போர்டு மாட்டியிருக்கு."

தையல்காரர் விரல் விட்டு எண்ணி, மூன்று அங்குலம் இடிக்கும் என்றார்.

"தங்கச்சி, உன் வீட்டுக்காரர்கிட்ட..." என்று ஆரம்பித்த மச்சான், நிறுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். "மாப்ளே, நாலு நாளைக்குத் துணி எடுத்து வைங்க. ரெண்டு பேரும் கூட வர்றீங்க. அந்தக் கல்லையும் ஏத்துங்க."

"அங்க எங்களுக்கு உக்கார எடம் இருக்காண்ணே?" என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"சோபா இருக்கு" என்றார் மச்சான். "கடையில வாங்கினது."