கயிற்றுக்கு அப்பால் கீரை

அண்ணையின் அகதி விசாரணைக்கு ஒரு கிழமை இருந்தது. அதுவரை எந்த வில்லங்கத்திலும் மாட்டக்கூடாது என்று சட்டத்தரணி சொன்னதை அவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். விளக்கே இல்லாத சந்தியிலும் பச்சை விழட்டும் என்று நின்றார். திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்று நாளுக்குப் பத்துத் தரம் கேட்டார். மொன்றியல் நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரே அறையில் அவரோடு குடியிருந்த எனக்குத்தான் விசர் பிடித்தது. என்னை அகதியாக ஏற்றுக்கொண்ட கடிதம் முன்பே வந்திருந்ததால், அவரைத் தேற்றும் வேலையும் என் தலையில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறி ஒரு காட்டுப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். மொன்றியலே தீவு, பூங்கா அதன் ஓரத்தில் ஒட்டிக்கிடந்த சின்னத் தீவு. முந்தின கோடையில் காடு எரிந்திருந்தது. நடைபாதை கரிந்த மரங்களுக்கு நடுவே போனது. இரண்டு பக்கமும் மஞ்சள் கயிறு, இடைக்கிடை பிரெஞ்சுப் பலகைகள். வாசிக்கத் தெரியாவிட்டாலும் விளக்கம் சொல்லும் பழக்கம் எனக்குண்டு. கயிறு, வழுக்கினால் பிடிப்பதற்கு என்றேன்.

சாம்பலுக்குள் இளந்தளிர்கள் கொத்துக் கொத்தாக நின்றன. நாலு மாதமாக எங்கள் சட்டி கோவா என்கிற முட்டைக்கோசைத் தவிர வேறு இலையைக் கண்டதில்லை. அண்ணை "கீரை" என்றார், கோயில் வாசலில் நிற்பவர் மாதிரி. என்ன கீரை என்று கேட்டேன். தேங்காய்ப்பூப் போட்டு வறை வைத்தால் தெரியும் என்று கயிற்றுக்குக் கீழே நுழைந்தார்.

பை பாதி நிறைந்தபோது சீருடை போட்ட காவல்காரி வந்தாள். அண்ணை ஒரு கையில் கீரையும் மறு கையில் அகதிக் கடதாசிகளுமாக நிமிர்ந்தார். அவள் கரியையும் தளிரையும் மாறி மாறிக் காட்டினாள். எரிந்த நிலம், இப்போதுதான் துளிர்க்கிறது. மிதிக்கவும் பிடுங்கவும் கூடாது, கயிறு அதற்குத்தான் என்று விளங்கியது. எனக்கு வெட்கமாகிவிட்டது.

பிழையைத் திருத்த அண்ணைக்குத் தெரிந்தது ஒரே வழி. ஊரில் பொன்னாங்காணித் தண்டைக் குத்திவிட்டால் பிடித்துவிடும். அவர் முழங்காலில் இருந்து பாத்தி கட்டி, பிடுங்கியதையெல்லாம் வரிசையாகக் குத்தினார். தண்ணீர் இல்லாததால் போத்தலில் இருந்த தேத்தண்ணியை ஊற்றினார். அவள் வாய் பிளந்து பார்த்துவிட்டு, கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டு போனாள்.

அந்தக் கொப்பிதான் அண்ணையின் நித்திரையைக் கெடுத்தது. விசாரணையன்று நான் வெளியே இருந்தேன். உள்ளே நடந்ததைப் பிறகு சொன்னார். கனடாவில் ஏதாவது குற்றம் செய்தீரா என்று அதிகாரி கேட்டாராம். இல்லை என்று சொல்லச் சட்டத்தரணி பழக்கியிருந்தார்.

"ஓம் ஐயா. கீரை புடுங்கினனான். பேந்து திருப்பி நட்டிட்டன்."

மொழிபெயர்ப்பாளர் நெடுநேரம் தொண்டையைச் செருமினாராம். அதிகாரி பேனையை வைத்துவிட்டு, நட்டது பிடித்ததா என்று கேட்டாராம். போய்ப் பார்க்கப் பயமாயிருக்கு என்றாராம் அண்ணை.

கோடை முடியும்போது ஏற்றுக்கொண்ட கடிதம் வந்தது. அன்றே பஸ் ஏறினோம். பாத்தியில் ஒன்றும் பிடிக்கவில்லை. காய்ந்த தண்டுகள் வரிசை குலையாமல் நின்றன. ஆனால் சுற்றிவர முழங்கால் உயரத்துக்குப் பச்சை. பாதையில் நின்றபடியே அண்ணை அழுதார். 

அப்போது ஒரு வெள்ளைக்காரர் படமெடுக்கக் கயிற்றுக்கு மேலால் காலைத் தூக்கினார்.

"மிஸ்யூ!" என்று பிரெஞ்சில் கூப்பிட்டார் அண்ணை, பலகையைக் காட்டி. அந்த மனிதர் காலை இழுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "பார், எங்கடை நிலத்தைக் காலால உழக்க வாறார்."