எண்ணெய் டின்னுக்கு அருவிக் குளியல்

யுத்த காலத்தில் தென்காசியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் முற்றம் முழுக்கக் கல் பாவியிருந்தது. ஒரு பிடி மண் கிடையாது. ஆடி பிறந்ததும் என் மூத்த மகளின் வகுப்பில் ஆளுக்கு நான்கு அவரை விதை கொடுத்து, மாதக் கடைசியில் செடியாகக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். அவளுக்கு ஒன்பது வயது. கொண்டுவருகிறேன் என்று எழுந்து நின்று சொல்லியிருக்கிறாள். “கல்லுல செடி வளக்கப் போறாளாம்ட்டி” என்று எங்கள் வீட்டைப் பார்த்திருந்த பக்கத்துப் பெஞ்சுக்காரி சிரித்தாளாம். அழுதுகொண்டே வந்தாள்.

நான் அப்போது தாலுகா ஆபீஸில் தலைமை குமாஸ்தா. எந்தக் காரியத்துக்கும் முறை ஒன்று உண்டு என்பதும், அது எனக்குத் தெரியும் என்பதும் என் நம்பிக்கை. செடி வைக்கத் தோதான மண்ணெண்ணெய் டின் அந்நாளில் கண்ணில் படாத பொருள். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் ஒருவரிடம் நசுங்கிய நல்லெண்ணெய் டின்கள் இரண்டு கேட்டு வாங்கினேன்.

“அண்ணாச்சி, எண்ணெய்ப் பிசுக்கு போவணும்லா, நல்லாத் தேச்சுக் கழுவுங்க” என்றார்.

எனக்கா சொல்லித்தர வேண்டும்? டின்னில் தண்ணீரை ஊற்றி ஒரு அலசு அலசினேன். அடியில் ஆணியால் நான்கு துளை, செம்மண், மணல், மக்கிய சாணம், எல்லாம் அளவுப்படி. டின்னுக்கொரு விதை. நீர் விட்ட நேரத்தை ஒரு தாளில் குறித்தும் வைத்தேன். பத்து நாளாயிற்று, தாள் நிரம்பியது, டின்னில் ஒன்றுமில்லை. கிளறினால் இரண்டு விதையும் கூழாகியிருந்தன. விதை மட்டம் என்று தீர்ப்புச் சொன்னேன்.

மகள் மண்ணை முகர்ந்து பார்த்தாள். “எண்ணெய் தேச்சுட்டு நீங்க குளிக்காம ஆபீஸுக்குப் போவியளாப்பா?”

மேல்முறையீட்டில் என் தீர்ப்பு ரத்தாயிற்று. மிச்சம் இரண்டே விதை.

மறுநாள் ஞாயிறு. டின்களோடும், பிசுக்கு எடுக்க ஒரு பொட்டலம் அரப்புத் தூளோடும் குற்றாலத்துக்குப் போனோம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. அருவிக்கரைப் பாறையில் உட்கார்ந்து மூத்தவள் டின்னுக்குள் கையை விட்டு அரப்புத் தேய்த்தாள். ஐந்து வயது இளையவள் பதறினாள்: “அக்கா, மெதுவா. அதுக்குக் கண்ணு எரியும்.”

“ஏலே, இங்கன பாருங்கலே, டின்னு குளிக்க வந்திருக்கு!” என்று ஒருவர் கூவ, கரையே சிரித்தது. தாலுகா ஆபீஸுக்கு வந்து என்முன் கைகட்டி நிற்பவர்கள் சிலரும் அதில் இருந்தார்கள். உடம்பெல்லாம் எண்ணெய் வழிய நின்ற பெரிய மனிதர் ஒருவர் மட்டும் தன் இடத்தை விட்டு விலகினார். “சார்வாள், முதல்ல அதுகளை அருவியில காட்டுங்க. நான் பொறவு குளிக்கேன்.”

டின்னை நீட்டினேன். அருவி அதைக் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தது. உள்ளே விழுந்த நீர் இடிபோல் முழங்கிற்று.

புது மண் இட்டு மிச்ச விதைகளை ஊன்றியவள் மூத்தவள். நான் தாள் எடுக்கவில்லை, தண்ணீர் மட்டும் மொண்டு கொடுத்தேன்.

ஐந்தாம் நாள் காலை இருவரும் என்னை இழுத்துப் போய்க் குனிய வைத்தார்கள். ஒரு டின்னில் மண் சில்லு ஒன்று கூரைபோல் தூக்கி நின்றது. அதன் கீழே நூல் கனத்தில் வெளிறிய கழுத்து, வளைந்து, நடுங்காமல் நின்றது. அந்தச் சில்லை விரலால் தள்ளவே எனக்குச் சற்றுக் கனமாகத்தான் தெரிந்தது. யார் உத்தரவு கொடுத்தார்கள் இதற்கு? எந்தப் பக்கம் மேல் என்று இருட்டுக்குள் இதற்கு யார் காட்டினார்கள்? மூன்று பேரும் டின்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஆபீஸுக்கு அன்று தாமதமாகப் போனேன். வருகைப் பதிவேட்டில் காரணம் எழுதும் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

இன்னொரு டின் கடைசிவரை வாய் திறக்கவில்லை. மாதக் கடைசியில் நான்கு இலையோடு நின்ற அந்த ஒற்றைச் செடியை, டின்னோடு நான்தான் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப்போனேன். சிரித்த பெஞ்சுக்காரி வாசலிலேயே ஓடிவந்தாள்.

“இந்த டின்னுலேயாட்டி வந்துச்சு?” என்று இலையைத் தொட விரல் நீட்டினாள்.

மகள் அந்த விரலைப் பிடித்து, இலையின் மேல் தானே மெல்ல வைத்தாள். “அமுக்காத. சும்மா தொட்டுப் பாரு.”

இருவரும் அப்படியே நின்றார்கள். மணி அடித்த பிறகும்.