ஒரு பலகையும் ஒரு வெள்ளிக்கிழமையும்

எங்கள் தெருத் தையல்காரருக்குத் தம் கடைப் பலகையில் 'செலிப்ரேட்டட்' என்று எழுதி மாட்ட ஆசை. புகழ்பெற்றவர் என்று பொருள். காஜா எடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி சிரித்துவிட்டார்.

"ஈ ஓட்டுற கடைக்கு இதுதான் குறைச்சல்! பொய்யா எழுதி மாட்டினீங்க, பலகை அடுப்புக்குப் போயிடும்."

தையல்காரர் என்னிடம் ஓடிவந்தார். அகராதியைப் பார்த்துச் சொன்னேன்: அந்தச் சொல்லின் லத்தீன் மூலத்துக்கு 'ஆட்கள் நிறைந்த' என்பதே பழைய பொருள்; புகழ் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

"அப்ப கூட்டம் சேர்ந்தா போதுமா, ஐயா?"

"பொய் ஆகாது."

அந்த மாதம் துணி கொடுத்த அனைவருக்கும் மனிதர் ஒரே கெடு சொன்னார்: கடைசி வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி.

வெள்ளியன்று நானே போய் எண்ணினேன். ஐந்து பத்துக்குக் கடையிலும் வாசலிலுமாக இருபத்து மூன்று பேர். தைத்து முடிந்திருந்தவை நான்கு சட்டைகள்.

"நாளைக்குக் கல்யாணம்யா! துண்டைக் கட்டிக்கிட்டா போய் நிப்பேன்?" என்று ஒருவர் கத்தினார்.

தையல்காரர் ஸ்டூலில் ஏறிப் பலகையை மாட்டினார். "பாத்தியா? இப்ப பொய்யா?"

மனைவி கூட்டத்தைப் பார்த்தார். "உண்மைதாங்க. ஆனா இறங்கிடாதீங்க."