ஒரு சாண் குறைத்துக் கட்டிய பாலம்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அம்மாவின் முதலாண்டு நினைவுக்கு எழுதச் சொன்ன தாய்மாமா, "நாலு நல்ல வார்த்தை எழுது கண்ணு, பழசைக் கிளறிப்போடாத" என்று எச்சரித்திருந்தார். நல்ல வார்த்தைகள் எத்தனையோ இருக்கின்றன. ஆனால் அம்மாவின் வாழ்க்கையில் பாதி அந்தப் பழசுதான். அதை விட்டுவிட்டு நான் என்ன எழுத?

அம்மா பிறந்தது சிங்காநல்லூரில், குளத்துக்குப் பக்கத்தில். மில் சங்கு கேட்டு எழுந்து, பத்தாவது வரை படித்தவர். திருமணமாகி எங்கள் தோட்டத்துக்கு வந்த பிறகுதான் மண்வெட்டி பிடித்தார். மாடு கறந்தார், மஞ்சள் வேகவைத்தார், மோட்டார் நின்றால் தாமே ஃப்யூஸ் போட்டார். வீடு தேடி வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை. இதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது பாலத்தைப் பற்றி.

அப்பா இறந்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். கருமாதி முடிந்து பந்தல் பிரித்த மறுநாள் காலையில், எங்கள் வண்டித்தடத்தின் குறுக்கே வேலாமுள் கிடந்தது. தார் ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வர அந்தத் தடம் ஒன்றுதான், அது பெரியப்பாவின் விளைகாட்டு வழியாக வருகிறது. கூடப்பிறந்தவர்களுக்குள் எழுத்து எதற்கு என்று, பாகம் பிரித்தபோது தடத்தை மட்டும் வாய்ப்பேச்சோடு விட்டுவிட்டார்கள்.

அம்மா பெரியப்பா வாசலில் போய் நின்றார். "ஏனுங் மாமா, தடத்துல முள்ளு கெடக்குதே, பால் கேனோட எப்படிங்க போறது?"

பெரியப்பா பல் துலக்குவதை நிறுத்தவில்லை. "பொம்பள தனியா பண்ணையம் பாத்து என்ன பண்ணப் போற அம்மணி? காட்டை எனக்கே கிரயம் பண்ணிக் குடுத்துப்போட்டு சிங்காநல்லூருக்கே போயிரு. அப்பறம் தடமெதுக்கு உனக்கு?"

"செரிங்க மாமா. இனி உங்க தடத்துல என்ற காலு படாதுங்க."

அவ்வளவுதான். அம்மா சத்தம் போடவில்லை, பஞ்சாயத்துக்கும் போகவில்லை.

தோட்டத்தின் வடக்கே பள்ளம். மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடும். அதைத் தாண்டினால் மண்சாலை. அம்மா எங்கள் வரப்பில் நின்ற பனைகளை வெட்டிப் பிளந்து குறுக்கே போட்டு, நடுவில் கல் அடுக்கித் தூண் கொடுத்து, மேலே மண் கொட்டினார். அந்த ஐப்பசியிலேயே வெள்ளத்தில் வந்த முள்ளும் சருகும் நடுத்தூணில் அடைத்துக்கொண்டன. தண்ணீர் முட்டிப் பாலத்தையே தூக்கிக்கொண்டு போனது.

டீக்கடையில் பெரியப்பா சொன்னாராம்: "எங்கூட்டு அம்மணி பாலங் கட்டுச்சுங்க. இப்ப நொய்யல் ஆத்துல மெதந்துட்டுப் போகுது. ஆருக்காச்சும் வேணும்னா புடிச்சுக்குங்க."

சிரித்தவர்கள் யார் யார் என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் இப்போது இதை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பள்ளத்தில் இறங்கி ஏறியே பால் கொண்டுபோன சில வருஷங்களுக்குப் பிறகு, நான் பாலிடெக்னிக்கில் சிவில் சேர்ந்ததும் இரண்டாவது பாலம் என் வேலையானது. சோறு தண்ணி மறந்து வரைந்தேன். நடுத்தூணே கூடாது. இரு கரையிலும் கல்கட்டு, கரைக்குக் கரை தண்டவாளம், அதன்மேல் பலகைக்கல். போத்தனூர்ப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் தண்டவாளத் துண்டுகளைத் தட்டித் தட்டிப் பார்த்து எடுத்தோம். அகலம் எவ்வளவு வைக்கலாம் என்று கேட்டபோது அம்மா சொன்னார்:

"உங்க பெரியப்பன் டிராக்டரு எத்தனை அகலம்னு அளந்துட்டு வா."

"அது எதுக்குங்கம்மா?"

"அளந்துட்டு வா கண்ணு, சொல்றேன்."

மாவு மில் முன்னால் டிராக்டர் நின்றபோது, கம்மல் தொலைந்ததுபோல் குனிந்து தேடியபடியே டேப்பை இழுத்து அளந்தேன். அம்மா அதில் ஒரு சாண் குறைத்தார்.

மேஸ்திரிக்கு மனசே வரவில்லை. "இன்னொரு தண்டவாளம் சேத்துப் போட்டா காரே போகுமுங்க அம்மணி."

"நம்மகிட்ட காரு ஏதுங்க? நம்ம மாட்டு வண்டி போனாப் போதும். அவிய டிராக்டரு போகக்கூடாது."

அதற்கடுத்த பெருமழையில் பெரியப்பாவின் தடத்தைத் தண்ணீர் அறுத்துக்கொண்டு போனது. வெட்டிய வாழைத்தார் டிராக்டரிலேயே பழுக்கத் தொடங்கியது. அவரே எங்கள் வாசலுக்கு வந்தார். "அம்மணி, உங்க பாலத்து வழியா ஓட்டிக்கட்டுமா?"

"தாராளமா வாங்க மாமா. நாங்க பாலத்துக்கு முள்ளுப் போடறதில்லீங்க."

தாம் போட்ட முள்ளைத் தாமே விலக்கி, எங்கள் தோட்டத்தின் வழியே ஓட்டி வந்தார். பாலத்தின் வாயில் டிராக்டர் நின்றது. ஒரு சக்கரம் கல்மேல் இருந்தால் இன்னொன்றுக்குக் கல் இல்லை. இறங்கிச் சுற்றிப் பார்த்தார். கையால் சாண் போட்டு அளந்தார். நிமிர்ந்தபோது அம்மா மோர் டம்ளரோடு நின்றிருந்தார்.

"வெயில்ல நிக்கறீங்களே மாமா, மோரு குடிங்க."

குடித்தார். பிறகு ஆட்களோடு ஆளாகத் தாமும் தார்களைத் தலையில் சுமந்து பாலத்தைத் தாண்டினார். மாலையில் முள்ளை மறுபடி இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்றைக்கு அம்மா ரசத்தை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சென்ற ஆண்டு அம்மாவுக்கு மூச்சுத் திணறல் கண்டது. ஒரு காலையில் எழவே முடியவில்லை. எஸ்.டி.டி. பூத்திலிருந்து டாக்ஸிக்குச் சொன்னோம். அம்பாசடர் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. அம்மாவைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கினோம். அப்போது பெரியப்பா ஓடி வந்தார், கையெல்லாம் முள் கீறலோடு.

"தடத்தைத் தொறந்துட்டேன். காரைச் சுத்தி இப்படிக் கொண்டாரச் சொல்லுங்க, வாசலுக்கே வந்துரும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவருக்குப் பேச மூச்சுப் போதவில்லை. வடக்கே கை காட்டினார். பாலத்தின்மேல் தூக்கிப் போனோம். நடுப்பாலத்தில் மெல்ல, "ஆடுதா?" என்றார்.

"ஆடலீங்கம்மா."

அந்த வாரம் முடிவதற்குள் ஆஸ்பத்திரியில் காலமானார்.

"பாலம் கொஞ்சம் அகலமா இருந்திருந்தா..." என்று எழவு வீட்டிலேயே சிலர் இழுத்தார்கள். நானும் யோசிக்காமல் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை அவர்கள் தடத்தில் முள் போட்ட கையிடம் கேட்கட்டும்.

இந்த நினைவு நாளுக்காகப் பாலத்தைப் பலப்படுத்தினேன். கரைக் கல்கட்டுக்குக் கீழே கான்கிரீட் போட்டு, தண்டவாளங்களுக்கு இடையே குறுக்குக் கம்பி வைத்து வெல்டிங் அடித்தாயிற்று. பெரியப்பா தாய்மாமாவிடம் சொல்லி அனுப்பினார்: "கல்லு நானே எறக்கித் தர்றேன், அகலப்படுத்தச் சொல்லுங்க. எல்லாத்தையும் மறந்துரலாம்." கல்லை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன். அகலம் அம்மா வைத்ததுதான்.

கட்டில் தூக்கிய பக்கத்துத் தோட்டத்தாருக்கும், பாலத்தைத் தம் சொந்த வேலையாகப் பார்த்த மேஸ்திரிக்கும், கடைசிவரை கூட இருந்த தாய்மாமாவுக்கும், கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

பங்காளி என்ற முறையில் பெரியப்பா நினைவு நாளுக்கு வந்தே ஆக வேண்டும். தடத்துப் பக்கம் எங்கள் எல்லையில் கம்பி வேலி போட்டுவிட்டேன். ஆகவே அவரும் மண்சாலையைச் சுற்றி, அம்மாவின் பாலத்தின்மேல் நடந்துதான் வர வேண்டும். நடந்து வருகிறவருக்கு அகலம் போதும். தாங்குமா என்ற பயமும் வேண்டாம். அவர் எடையையும் சேர்த்தே கணக்குப் போட்டிருக்கிறேன்.